ஜாவாவில் பிடிபட்ட தாத்தா

என் தாத்தா வால்டரை வீரனாக்கிக் காட்டுவது என்று தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சபதம் எடுத்தேன். காரணம், என் மனைவி ஜானட்டின் அண்ணன் லியோனார்ட். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவான். மூக்கு முட்டச் சாப்பிடுவான். ஏப்பம் விட்டதும் கேட்பான்:

"மச்சான், உங்க தாத்தா பட்டாளத்துலேர்ந்து ஓடிப்போனவரு தானே?"

தாத்தா ஓடவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஜாவாவில் டச்சுக்காரனுக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. அதை அடக்க வெள்ளைக்காரன் நம் பட்டாளத்தை அனுப்பினான். அங்கே புரட்சிக்காரர்களிடம் போர்க்கைதியாக மாட்டினார் தாத்தா. மற்றவர்கள் ஊர் திரும்பி வெகுகாலம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். கேட்டவர்களிடம் வாயே திறக்காமல் செத்தும் போனார். அப்பா சொன்னது இவ்வளவுதான். சாட்சி?

விசாரித்து விசாரித்து, தண்டையார்பேட்டையில் ஒருவரைப் பிடித்தேன். சௌக்கத் அலி பாய். தாத்தாவோடு ஒரே முகாமில் கைதியாகக் கிடந்தவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றேன்.

"பாய், என் மச்சான் முன்னாடி நீங்க வந்து பேசணும். தாத்தா துப்பாக்கியால நாலு பேரை..."

"சுட்டானா?"

"சுட்டாருன்னு வெச்சிக்கங்களேன்."

"வெச்சிக்கலாம்," என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து ஜானட்டிடம் எல்லாம் சொன்னேன், துப்பாக்கியைத் தவிர.

"ஞாயித்துக்கெழம பாய் வராரு. உங்க அண்ணனையும் வரச்சொல்லு."

"சரிய்யா."

சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் முதல் தடவையிலேயே 'சரி' சொன்னதில்லை.

"இன்னா, சரின்ற?"

"பின்ன, வேணான்னா சண்டை போடணும்?"

"சிரிக்கிற மாதிரி கீது."

"பல்லு வலி."

சனிக்கிழமை டிபன் கேரியரோடு கிளம்பினாள்.

"எங்க?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்கு எதுக்கு கேரியரு?"

"சந்தேகப்பட்டுகினே இரு. மண்டை வெடிச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லியோனார்ட் கால்மேல் கால்.

"வால்டர் ஓடல," என்றார் பாய். "குண்டடி பட்டுக் கெடந்தேன் நானு. என்னைத் தூக்கிகினு நடந்தான். வுட்டுட்டு ஓடிருந்தா தப்பிச்சிருப்பான். என்னாலதான் மாட்டினான்."

லியோனார்ட் காலைக் கீழே போட்டான். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "துப்பாக்கி, பாய்?" என்று அடியெடுத்துக் கொடுத்தேன்.

"துப்பாக்கியா? முகாம்ல அவன் கையில கெடந்தது கரண்டி! அத்தினி பேருக்கும் அவன்தான் சமையல். அரைக்கிறது, கழுவுறது எல்லாம் அவன்தான். மூஞ்சி சுளிக்க மாட்டான். ஆம்பளைன்னா அவன் ஆம்பளை!"

ஜானட் என்னையே பார்த்தாள். "அந்த ரத்தம்தானேயா நீ?"

லியோனார்ட் கண் கலங்கி என் கையைப் பிடித்தான். "மன்னிச்சிக்கோ மச்சான். அவரு பேரன் கையால ஒருவாய் சாப்டணும் எனக்கு."

வாசலில் பாயை மடக்கினேன். "நெசத்தைச் சொல்லுங்க!"

"என்னைத் தூக்கினது சத்தியம், தம்பி." பாய் குரலைத் தாழ்த்தினார். "கரண்டிக் கதை, உங்க வூட்டம்மா நேத்து கொண்டாந்த வஞ்சிரக் கொழம்புக்கு."

கரண்டி பொய் என்று சொன்னால், தூக்கியதும் பொய் என்பான் லியோனார்ட். தாத்தா மறுபடியும் ஓடிப்போனவர் ஆகிவிடுவார்.

உள்ளே போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.