மாமரத்தில் முளைத்த அரசு

பேர்னாட் படம் பார்க்கும் இரட்டைக் கண்ணாடிக்குள்ளால் மறுபடியும் பார்த்தான். சந்தேகமே இல்லை. மின்கம்பியில் உரசிக்கொண்டு நின்றது அவன் வாடகைக்கு இருக்கும் வெள்ளவத்தை வீட்டு மாமரம்தான்.

யுத்த காலத்தில் கொழும்பை ஆகாயத்திலிருந்து பார்க்க அனுமதி இருந்தது காகத்துக்கும் அவன் வேலை செய்யும் மின்சாரக் கந்தோரின் கமராவுக்கும்தான். ஹெலிகொப்டரில் போய் எடுத்த படங்களை இரண்டிரண்டாக வைத்து அந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் மரங்கள் எழும்பி நிற்கும். கம்பிக்குக் கிட்ட நிற்கும் மரத்துக்குச் சிவப்புப் புள்ளி வைப்பது பேர்னாட்டின் வேலை. புள்ளி விழுந்த மரத்தை ஆட்கள் வந்து வெட்டுவார்கள்.

அதே வீட்டில் முன்பக்கம் இருக்கும் வீட்டுக்காரி றஞ்சிதம் அக்காவோ, மாங்காய் ஒன்று விழுந்தாலும் கணக்குக் கேட்கிற மனுஷி. அவள் கையெழுத்து இல்லாமல் பொலிஸில் குடியிருப்புப் பதிவு இல்லை. பதிவு இல்லாத தமிழனுக்குக் கொழும்பில் படுக்க இடம் பொலிஸ் நிலையத்தில்தான்.

"புள்ளி வைச்சீங்களெண்டா பெட்டியையும் கட்டுங்கோ," என்றாள் மனைவி பிலோமினா.

"வைக்காட்டி வேலை போயிடும்."

"அப்ப மரத்தின்ரை பேரை மாத்துங்கோ. அரசமரத்தை ஆர் வெட்டப் போயினம்?"

கலியாணம் முடித்ததிலிருந்து அவள் சொன்ன முதல் நல்ல யோசனை இது என்று பேர்னாட்டுக்குப் பட்டது. சிவப்புப் புள்ளியை வைத்து, பக்கத்தில் வீட்டு விலாசத்தோடு 'அரசமரம்' என்று எழுதினான். புத்தர் ஞானம் பெற்ற மரத்தில் கத்தி வைக்க இலங்கையில் ஆள் பிறக்கவில்லை.

மறுநாள் மேலதிகாரி ஹேரத் கூப்பிட்டார். முகத்தில் பக்தி வழிந்தது.

"உங்கட வீட்டில போதி மரமா? சொல்லவே இல்லையே! பௌர்ணமிப் போயா அன்றைக்குக் கும்பிட வாறன்," என்றார் சிங்களத்தில்.

பேர்னாட் அரைநாள் லீவு போட்டான்.

கொட்டாஞ்சேனையில் அவன் ஞாயிறு பூசைக்குப் போகும் தேவாலயத்து மதில் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. அதைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். வீட்டு ஒழுங்கை முனைச் சோதனைச் சாவடியில், வழக்கமாக அவனைக் குடைந்தெடுக்கும் சிப்பாய் பொதியை அவிழ்த்தான். இலையைக் கண்டதும் கைகூப்பி வழிவிட்டான். அடையாள அட்டை காட்டாமலே வீடு வந்த பேர்னாட், மாமரத்துக் கவட்டில் மண் அப்பிக் கன்றை நட்டான்.

போயா அன்று ஹேரத் வந்தார். மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இது மாமரம் போல இருக்கே?"

"தாங்கி நிக்கிறது மாமரம், சேர். தானா முளைச்சது போதி."

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பொய்கள் கூடிக்கொண்டே போயின.

ஹேரத் சப்பாத்தைக் கழற்றினார். "அப்ப இந்த மாமரத்திலும் இனி ஒருத்தரும் கை வைக்க ஏலாது."

சொன்னபடியே கந்தோர் ஆட்கள் வந்து, மரத்தை விட்டுவிட்டுக் கம்பியை வேறு பக்கத்தால் திருப்பினார்கள். சிப்பாய் பூத்தட்டோடு வந்தான். அவனுக்குப் பின்னால் ஊரே வந்தது. கொடி கட்டினார்கள், விளக்கேற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சைவப் பெண்கள் பிள்ளையார் ஒருவரைக் கொண்டுவந்து மரத்தடியில் இருத்தினார்கள். கேற்றை மூட முடியவில்லை. றஞ்சிதம் அக்கா தலையிடி என்று அறைக்குள் படுத்துவிட்டாள்.

"நன்றியில வாயடைச்சுப் போனா," என்றாள் பிலோமினா.

பேர்னாட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது. மரம் தப்பியது, வீடும் தப்பியது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

றஞ்சிதம் அக்கா வீட்டில் வேலை செய்யும் மலையகத்து அங்கம்மா, சருகு கூட்டிக்கொண்டே அவனருகில் வந்தாள்.

"இந்த மரத்த வெட்டிட்டு ஒங்களுக்கு ரெண்டு ரூம் கட்டித் தாரதுக்குத்தானே ஐயா, அம்மா வெட்டச் சொல்லி ஒங்க ஆபீசுக்கு நடையா நடந்தாங்க; இனி வெட்டவே ஏலாதுன்னதும் வீட்ட வித்துட்டு மகன்கிட்ட கனடா போறாங்களாம்."