சீராக வந்த தையல் மிஷினை ஏலம் விட்டேன்

சொந்தக்காரர்கள் நிறைய இருப்பது பலம் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையை ஓர் ஏல ஆப் ஐந்தே நாளில் தீர்த்துக் கட்டியது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

முதலமடையில் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. வருஷா வருஷம் புரோக்கர் சொல்வதுதான் விலை. ஒரு வருஷமாவது ஆப்பில் போட்டு நேரடியாக விற்றே தீருவது என்று எனக்கு ஒரு வீராப்பு. ஆனால் புது ஆட்கள் எடுத்தவுடன் அதில் பழம் விற்க முடியாதாம். முதலில் வேறு ஏதாவது ஒரு பொருளை ஒழுங்காக விற்று ‘நம்பிக்கை மதிப்பெண்’ வாங்க வேண்டுமாம். தோப்பில் காய் முற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மதிப்பெண் உடனே வேண்டும்.

மூலையில் கிடந்த தையல் மிஷினைப் படம் பிடித்துப் போட்டேன். (அது என் கல்யாணத்துக்கு அண்ணன் செய்த சீர். கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தப் பழக்கம் அப்போது இல்லை.) ஆரம்ப விலை ஐந்நூறு. இரண்டு நாள் ஓர் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் மண்டியில் ஏலம் படுத்துவிட்டால் சொந்தக்காரர் யாராவது ஒரு விலை கேட்டு மானத்தைக் காப்பாற்றுவார். அதே நினைப்பில் குடும்ப வாட்ஸப் குழுவில் ‘எல்லாரும் ஒரு கை குடுங்க’ என்று லிங்க்கைப் போட்டுவிட்டேன்.

முதலில் சின்ன மாமியார் எழுநூறு கேட்டார். பத்தே நிமிஷத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அண்ணன் போன்.

“ஏம்மிணி, நான் செஞ்ச சீரு எழுநூறு ரூவாய்க்குப் போறதா? ஊரு என்ன பேசும்?”

சொன்ன கையோடு ஐயாயிரம் போட்டார். அண்ணன் சீரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனால் எங்கள் வீட்டுக்கு என்ன மரியாதை என்று, பக்கத்து அறையில் இருந்த என் கொழுந்தனார் எட்டாயிரம் போட்டார். பிறந்த வீடும் புகுந்த வீடும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் போனும் கையுமாக வாயைப் பிளந்து நின்றேன். (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.) முப்பத்தோராயிரத்தில் ஏலம் முடிந்தது. ஜெயித்தவர் கொழுந்தனார்.

“பணத்தக் கட்டிருங்க தம்பி,” என்றேன்.

“ஏனுங்கண்ணி, நம்மூட்டு மிஷினுக்கு நானெதுக்குங்க காசு கட்டோணும்? மருவாதிக்குக் கேட்டனுங்க,” என்று சாப்பிடப் போய்விட்டார்.

ஆப் அப்படி விட்டுவிடவில்லை. முப்பத்தோராயிரத்துக்குக் கமிஷன், கமிஷனுக்கு ஜிஎஸ்டி, அதற்கு மேல் ‘நம்பிக்கைப் பாதுகாப்புக் கட்டணம்’ என்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு பில் வந்தது. மிஷின் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி எடுத்தாள்.

“மேடம், வாங்கினவர் விலாசமும் உங்க விலாசமும் ஒண்ணா இருக்கே. அவரை உங்களுக்குத் தெரியுமா?”

எங்கள் குடும்பத்தின் யோக்கியதையை நிரூபிக்க இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

“தெரியாம என்னங்க? என்ற கொழுந்தனாரு. அவருக்குப் போட்டியாக் கேட்டது கூடப் பொறந்த அண்ணன். மொதல்ல கேட்டது சின்ன மாமியாருங்க. எல்லாத்தையும் நாந்தான் கேக்கச் சொன்னேன். வெளியாளு ஒருத்தருங்கூட இல்லீங்க, நீங்க தைரியமா நம்பலாம்.”



“இந்தக் கால் பதிவாகுது மேடம்,” என்றாள் மெதுவாக. பாவம், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் மெசேஜ் வந்தது. போலி ஏலம் நடத்தியதால் என் கணக்கு நிரந்தரமாக முடக்கம், நம்பிக்கை மதிப்பெண் பூஜ்யம். கூடவே அண்ணன், கொழுந்தனார், சின்ன மாமியார் கணக்குகளும் காலி. வாய்ப்பேச்சை நம்பி லாரி லாரியாகப் பழம் ஏற்றிவிட்ட குடும்பத்தை மோசடிக் கும்பல் என்று ஒரு போன் சொல்லிவிட்டது. அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன். மாங்காய் அந்த வருஷமும் புரோக்கர் சொன்ன விலைக்கே போனது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது புகழ வேண்டுமென்றால், ‘எனக்குச் சொந்தமில்லை’ என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைக் காட்டி, “இவரு பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நான் யாருமில்லீங்க, இந்தப் பக்கமாப் போனவன். ஆனா ரொம்ப நல்ல குடும்பமுங்க, நம்பிப் பொண்ணெடுக்கலாம்.”