பெட்டியில் இல்லாத காக்கி

1971 டிசம்பர் ஏழு, காலை ஏழே கால். பவுல்சாமி தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். இரண்டு அந்துருண்டைகள் விழுந்தன. விமானப்படைச் சீருடையைக் காணோம்.

படையை விட்டு மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியராகி ஆறு வருடம் ஆயிற்று. பெயர் மட்டும் ரிசர்வ் பட்டியலில் இருந்தது. போர் வந்ததும் தந்தி வந்துவிட்டது. பகல் பன்னிரண்டுக்குள் சீருடையோடு தாம்பரத்தில் ஆஜராக வேண்டும். தவறினால் விசாரணை. அங்கே அவர் வேலை, பாராசூட்டுகளை மடித்து வைப்பது.

"ஃப்ளோரா! யூனிஃபார்ம் எங்கே?"

"கிறிஸ்மஸ் வருதேன்னு போன வாரம் வீட்டை ஒழிச்சேன். பழைய துணியோட பாத்திரக்காரிக்குப் போட்டுட்டேங்க."

"எந்தப் பாத்திரக்காரி?"

"யாரு கண்டா? காப்பி ஆறுது."

அடுத்த வீட்டு ஸ்ரீரங்கன் தபால்காரர். தம்முடைய காக்கிச் சட்டையை நீட்டினார்.

"இதுவும் காக்கிதான் ஓய். போட்டுண்டு கிளம்பும். சலவைக்குப் போட்டது எட்டு மணிக்கு எனக்கு வந்துடும்."

பவுல்சாமி மூச்சை உள்ளே இழுத்துப் பித்தான்களைப் போட்டார். தெருமுனை வரை மூச்சு விடவில்லை.

அங்கே முனைவீட்டு சரோஜாதேவி மறித்தாள். "புது போஸ்ட்மேனா? என் பையன் லெட்டர் எங்கே?"

"நான் விமானப்படைம்மா."

"அப்போ ஏர்மெயிலா? எடுங்க!"

அவர் தோளில் தொங்கிய துணிப்பையைப் பிடித்து இழுத்தாள். பை வந்தது, கூடவே சட்டையின் வலது கையும் வந்தது.

பவுல்சாமி வீட்டுக்கே திரும்பினார். எட்டு மணி ஆயிற்று. சலவைத்துணி வரவில்லை. ஸ்ரீரங்கன் கிழிந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒம்போது மணிக்கு நான் எதைப் போட்டுண்டு போறது? இப்போ ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு யூனிஃபார்ம் இல்லே!"

"பாத்திரக்காரி யாருன்னாவது தெரியுமா?"

"இந்தத் தெருவுக்கு வரவ சகினாதான். சைதாப்பேட்டை பாலத்தண்டை வீடு. தபால்காரனுக்குத் தெரியாத விலாசமா?"

இருவரும் பஸ் ஏறினார்கள்.

சகினா வாசலில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய புடவைகளுக்கு நடுவே காக்கி தெரிந்தது. பவுல்சாமி பாய்ந்தார். அவள் மூட்டையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அது என்னோடதும்மா. சண்டைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இதோ தந்தி."

"தெரியும் நைனா. குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"நேத்து தந்தி வந்ததும் உன் வீட்டம்மா இத்த எடுத்துகினு ஓடியாந்துச்சு. பாத்திரம்கூட வாங்கல. அவரு வந்து கேட்டா குடுக்காதேன்னு ஒரே அழுகாச்சி. ஏரோப்ளேன்லேர்ந்து குதிக்கிறதுதான் உன் வேலைன்னு கல்யாணத்தப்பவே சொல்லிக்கினியாமே, நெஜமாவா நைனா?"