கூடத்துச் சுவரில் நின்றுபோன புயல்

மனிதர்களில் புயல் பிடிப்பவர் என்றொரு பிரிவு உண்டு. பாம்பு பிடிப்பதைப் போல ஆபத்தான வேலை அல்ல. நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். கடலில் எங்கோ ஒரு மேகம் லேசாகச் சுழன்றால் போதும், இவருக்குச் சோறு இறங்காது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடிப் பாருங்கள்.

எனக்கு வாய்த்தவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருப்பதால், அவர் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டிய இடம் எனக்கு. மற்றபடி நான் யார் பேச்சையும் கேட்டு முன்னேறியவன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு ஓட்டை லேத் மிஷினில் தொடங்கி, இன்று பதினொரு மிஷின் ஓடும் பட்டறைக்கு முதலாளி. அதன் தகரக் கூரைக்கு ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியது இந்தக் கைதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும். புரியாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

புயல் பிடிப்பவருக்கு ஜன்னல் ஆகாது. எங்கோ முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் அனுப்ப, அதை இறக்கி, சாயம் ஏற்றி, வரிசையாகக் கோத்து, கூடத்துச் சுவரை அடைத்து நிற்கும் டிவியில் சுழலவிட்டு, கையில் ஒரு குச்சியோடு பக்கத்தில் நிற்பார். வீட்டில் விளக்கு அணைந்தாலும் டிவி அணையாதபடி தனி பேட்டரி. இன்னொரு செயற்கைக்கோள் நாளொன்றுக்கு இரண்டு முறை தலைக்கு மேலே கடந்து போகும். அந்த நேரத்தில் யாரும் மிக்ஸி போடக் கூடாது. ஏன்? கேட்டவர் இல்லை. படத்தின் மூலையில் இருப்பது உலக நேரம். விரல் விட்டு எண்ணி நம் நேரமாக்குவார். சிவப்பாகத் தெரிவது சூடு என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன்.

"ஐயோ சம்பந்தி, அதுதாங்க பயங்கரக் குளிரு. மேகத்தோட உச்சி. மைனஸ் எழுபது!" என்று எனக்காக வருத்தப்பட்டார். அன்று முதல் மிளகாயைப் பார்த்தாலே எனக்குக் குளிர்கிறது.

போன மாதம் நிஜமாகவே ஒரு புயல் வந்தது. பட்டறை அவர் வீட்டுக்குப் பின் தெரு. கூரைமேல் மணல் மூட்டை ஏற்றிக் கயிறு கட்ட வேண்டும். கட்டத் தொடங்கினால் மிஷின்களை நிறுத்த வேண்டும். காற்று எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு நிறுத்தலாமே என்று, மேஸ்திரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அதுதான் தப்பு.

"உக்காருங்க சம்பந்தி. கண்ணைப் பாத்தீங்களா, புயலோட கண்ணு? என்னா அழகு!"

உட்கார்ந்தேன். அழகாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்கும் கண் அதே இடத்தில். பன்னிரண்டுக்கும் அதே இடத்தில். சம்பந்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"நின்னுடுச்சு! நடுக்கடல்ல அசையாம நின்னுடுச்சு! இந்த மாதிரி நூத்துல ஒண்ணுதாங்க நிக்கும்!"

அப்போது மேஸ்திரியின் போன். "ஐயா, காத்து ஏறுது. கூரை படபடன்னு அடிக்குது. கட்டிடவா?"

சம்பந்தி குச்சியை ஆட்டினார். "அது சும்மா ஊர்க்காத்து. புயல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நிக்குதுன்னு சொல்லுங்க."

"இருப்பா, புயல் நின்னுடுச்சு" என்றேன். என் வாயால் சொன்னேன்.

"எங்கய்யா நின்னுது? இங்க எங்களாலதான் நிக்க முடியல!"

போனை வைத்தேன். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா வந்தார். "ஏங்க, நெட்டு எப்ப வரும்? தெருமுனையில மரம் விழுந்து ஒயரு அறுந்து கெடக்காம். ஒன்பது மணிக்குத் தங்கச்சிகிட்ட வீடியோவுல பேசினேன். தொறந்த வாய் தொறந்தபடி அவளும்தான் அசையாம நிக்கிறா."

சம்பந்தி படத்தின் மூலைக்குப் போனார். உலக நேரத்தைப் படித்தார். விரலை மடக்கத் தொடங்கினார். மூன்றாவது விரல் மடங்கும்போது வாசலில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். அன்றைக்கு முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

அவர் கார்மேல் என் தகரம் படுத்திருந்தது.

"சம்பந்தி, இது படத்துல இல்லையே!" என்றார்.

மொத்தம் பதினெட்டுத் தகரம் போயிற்று. மேஸ்திரி என் பேச்சை மதிக்காமல் ஆட்களைப் பக்கத்து மாடிக் கட்டடத்துக்கு அனுப்பியிருந்ததால் யாருக்கும் கீறல்கூட இல்லை. இன்னொன்று: ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. தகரம்தான் கிழிந்துகொண்டு போனது. குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஒயரைச் சேர்த்தார்கள். விட்டுப்போன படங்களெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன. சம்பந்தி போனில் கூவினார்: "உடனே வாங்க! உங்க கூரை போன நேரத்துப் படம் கெடைச்சிருக்கு. என்னா தெளிவுங்கறீங்க!"

வானம் தெரியும் பட்டறையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தேன்.

சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: இப்போது உங்கள் வீட்டுக்கு வெளியே மழை பெய்கிறதா?

பாருங்கள், கை எங்கே போகிறதென்று. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது.