ஊமத்தங்கீரை விருந்து

திருப்புல்லாணி,
ஞாயிற்றுக்கிழமை.

பரமக்குடி ஜவுளி வியாபாரி உயர்திரு பொன்னுச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற தவசி வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ‘சம்மந்தி அவர்களுக்கு’ என்றுதான் எழுதினேன். அந்த உரிமை இப்போது எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். தங்கள் நாவறட்சியும் கண்கூச்சமும் தணிந்து, கடைக்குப் போய்வர ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கிட்டத்து எழுத்து இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது. வரி கோணினால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் நான் தோட்டம் போட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. வாட்ஸ்அப் தோட்டக் குழுவில் ஒருவர், கருநீலத்தில் அடுக்கடுக்காகப் பூக்கும் வெளிநாட்டு ரகம் என்று சொல்லி ஒரு விதை அனுப்பினார். செம்மண்ணும் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, வெயில் தாங்காதோ என்று பச்சை வலை கட்டி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தேன். பூத்துக் காய்த்த பிறகு என் மனைவி சோலையம்மாள் வந்து பார்த்து, “இது ஊமத்தையில்ல? குப்பமேட்டுல தானா மொளைக்கிறதுக்கு எதுக்கு இம்புட்டுச் சீராட்டு?” என்று கேட்டாள். வெளிநாட்டு ஊமத்தை வேறு, நம்மூர் ஊமத்தை வேறு என்று அவளுக்கு ஒரு மணிநேரம் பாடம் எடுத்தேன். அந்த நேரத்தில் காய் வெடித்திருப்பதைப் பார்த்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். விதை பக்கத்துக் கீரைப் பாத்தியில் விழுந்து, கீரையோடு கீரையாக முளைத்துவிட்டது. தாங்கள் குடும்பத்தோடு நிச்சயத் தேதி பேச வந்த அன்று, கீரையைத் தான் பறித்துவருவதாக மகள் முருகலட்சுமி சொன்னாள். ‘என் கையால் பறித்தது’ என்று தங்களிடம் பீற்றிக்கொள்ளும் ஆசையில், கண்ணாடிகூடப் போடாமல் நானே போய் அள்ளிவந்தேன்.

தங்கள் வீட்டம்மா சண்முகவள்ளி அவர்களுக்கு அன்று விரதம். மாப்பிள்ளை முனீஸ்வரனுக்குக் கீரை என்றாலே ஆகாதாம். எங்கள் வீட்டுப் பெண்கள் பிறகு சாப்பிடலாம் என்று நின்றார்கள். ஆகக் கீரையைத் தின்றது நீங்களும் நானும்தான். நல்லாருக்கு நல்லாருக்குன்னு நீங்க மூணு தடவ கேட்டு வாங்குனீக. வெத்தல போடுறப்பவே எனக்கு நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. உங்க மூஞ்சி செக்கச்செவேல்னு ஆகி, கண்ணுப் பாப்பா கோலிக்குண்டு மாதிரி விரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல பாதிதான் எனக்கு ஞாபகம், மீதி சோலையம்மா சொன்னது. தேதி பேசிக்கிட்டிருந்தவுக சட்டுன்னு சம்மணம் போட்டு, காத்துலருந்து ஒவ்வொரு சேலையா உருவி விரிக்க ஆரம்பிச்சீக. அந்தச் சேலையெல்லாம் எனக்கும் தெரிஞ்சதுதான் வெனையே. மாம்பழக் கலர்ல ஒண்ண எடுத்து எம்மகளக் கூப்பிட்டு, “இது மருமகளுக்கு. இதுக்கு வெல கெடையாதுத்தா”ன்னு நீட்டுனீக. அவ என்ன செய்வா, வெறுங்காத்த ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அந்த எடத்துல நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கணும். முந்தியப் பிடிச்சு உரசிப் பாத்துட்டு, “சாயம் போயிரும்”னுட்டேன்.

தலைமுறை தலைமுறையா தறியும் ஜவுளியுமா இருக்கிற மனுசனப் பாத்து, அதுவும் பொண்ணு குடுக்கிற வீட்டுல வச்சு, சொல்ற வார்த்தையா அது? உங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. இல்லாத சேலையெல்லாம் ஒவ்வொண்ணா மடிச்சு அடுக்கிட்டு எந்திரிச்சுப் போயி, முருங்கமரத்துக்கிட்ட நின்னு பரமக்குடிக்கு ஒரு டிக்கெட் கேட்டீக. மரத்துல கரண்டு பாயுதுன்னு கத்திக்கிட்டு நான் உங்க வேட்டியப் பிடிச்சு இழுத்தேன். மாப்பிள்ளதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாரு.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இன்னும் ஒரு கரண்டி தின்னுருந்தா ரெண்டு பேரும் மிஞ்சியிருக்க மாட்டீகன்னு சொன்னாக. போதைக்குன்னு இதத் தின்னுட்டு வந்து கண்ணே முழிக்காதவுகள எல்லாம் பாத்திருக்காகளாம். அதுக்குள்ள தவசி மாடியில கஞ்சாத் தோட்டம்னு தெரு பூராவும் பேச்சாகி, போலீசு வந்துருச்சு. ஏட்டையா செடியச் சுத்திச் சுத்திப் பாத்து, படம் எடுத்து ஸ்டேசனுக்கு அனுப்பிக் கேட்டுட்டு, கஞ்சா அபின் சட்டத்துல இது வரல, செவன் கோயிலுக்கு மால கட்டுற பூதானேன்னாரு. வளக்கிறது குத்தமில்லையாம். வேணும்னே அடுத்தவுகளுக்குக் குடுத்தாத்தான் உள்ள தள்ளுவாகளாம். அதனால உங்க கட்டிலுக்கு வந்து, புகார் எதுவும் உண்டான்னு கேட்டாரு. நீங்க செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டே, “எனக்குப் புகாரும் இல்ல, சம்மந்தமும் இல்ல”ன்னீக. பக்கத்துக் கட்டில்ல கெடந்த எனக்கு அதுலதான் மயக்கமே தெளிஞ்சது.

முருகலட்சுமி என்னயத் திட்டியிருந்தாத் தேவலைன்னு இருக்கு. சோறு வைக்கிறா, கண்ணுக்கு மருந்து ஊத்துறா, போயிடுறா. செடியப் பூராவும் பிடுங்கிட்டேன். எரிச்சாப் பொக ஆகாது, வெளிய போட்டா ஆடு மாடு கடிச்சிரும்னு குழி வெட்டிப் பொதச்சுட்டு, அந்த மண்ணு மேலயே உக்காந்திருந்தேன். எம் பெருமைக்கு எம்மக வாழ்க்கைய எருவாப் போட்டுட்டேனேன்னு அன்னைக்குத்தான் அழுக வந்துச்சு.

ஆகையால் அய்யா, தங்கள் கடைச் சேலை சாயம் போகும் என்று நான் சொன்னது பொய். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். என்னோடு பேச வேண்டாம், என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள். சண்முகவள்ளி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளை என்று சொல்ல விட்டால் மாப்பிள்ளைக்கும், விடாவிட்டால் தம்பி முனீஸ்வரனுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
தவசி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் முருகலட்சுமி போன் செய்தாள். காலையில் கோயிலில் வைத்துத் தாலி கட்டியாயிற்றாம். தாலி எடுத்துக் கொடுத்தது தங்கள் வீட்டம்மாவாம். கூட நின்று குலவையிட்டது, தைலம் வாங்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போன சோலையம்மாள். அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். போனை வாங்கிச் சண்முகவள்ளி அம்மா சொன்னார்கள்: “கோவிச்சுக்கிறாதீக அண்ணே. ரெண்டு பேருக்கும் நல்லாத் தெளியட்டும், அப்பறம் சொல்லிக்கிடலாம்னு இருந்தோம்.”