சிவபாதத்தாருக்கு நான் போர்த்திய பொன்னாடை

நான் ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருடைய உடலுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது மன்னிக்கலாம். மைக்கைப் பிடித்து அவருடைய அருமை பெருமைகளைப் பேசியும் இருக்கிறேன். பிறகு, போர்த்தியதை நானே உருவி எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். (எல்லாம் ஒரே காலையில். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.)

இதற்கெல்லாம் தொடக்கம் மிசோரம்.

கனடாவின் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையல்கூடத்தில் எனக்கு வேலை. வீடு விட்பியில். விடியக் கிளம்பி வரும் வழியில் ஸ்காபரோ மோர்னிங்சைடில் மாவியை ஏற்றிக்கொள்வேன். சலாட் வெட்டும் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். வேலைக்கு வந்த முதல் நாள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சீனாவில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மிசோரம் என்றாள். அது எந்த நாடு என்றேன். இந்தியா என்றாள். நான் சிரித்தேன். கனடாவுக்கு வருவதற்காக ஏஜென்சிக்காரனை நம்பித் திருச்சியில் பல மாதம் அறைக்குள் கிடந்தவன் நான். இந்தியாவைக் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பு. வேறு எங்கோ பிறந்துவிட்டு வெட்கத்தில் மாற்றிச் சொல்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

401 நெடுஞ்சாலையின் நெரிசலில் மெல்ல மெல்ல எனக்குப் பாடம் நடந்தது. எங்கள் இருவரின் ஆங்கிலமும் நொண்டி என்பதால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. அவளுடைய ஊர் ஐஸ்வால் மலையின் முதுகில் தொங்குகிறதாம். ஒரு வீட்டுக் கூரை இருக்கும் உயரத்தில் அடுத்த வீட்டு வாசல். மலை முழுக்க மூங்கில். அது பூப்பது ஒரு மனித ஆயுளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. பூத்தால் அழிவு. காயைத் தின்ற எலிகள் பெருகி வயலில் இறங்கி நெல்லை முடித்துவிடும். அப்படியொரு பஞ்சத்துக்குப் பின்னால் கலகம் வந்தது. விமானங்கள் வந்து ஐஸ்வாலில் குண்டு போட்டன. சிறுபிள்ளையாக இருந்த அவளுடைய அம்மா காட்டுக்குள் ஓடினாள்.

குண்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். குண்டு என்றால் எங்களுடையதுதான் குண்டு என்கிற தோரணையில், பங்கர் வெட்டிய கதையைத் தொடங்கி நீட்டி முழக்கினேன். (துன்பத்தில் உலகக் கிண்ணம் எங்களுக்குத்தான் என்று நான் நம்பிய காலம்.) மாவி முழுவதையும் கேட்டாள்.

"உங்களுக்கும் சொந்த அரசாங்கம்தான் போட்டதா அண்ணை?" என்றாள். அண்ணை என்ற சொல்லை நான்தான் பழக்கியிருந்தேன்.

ஓம் என்றேன். பங்கர் கதை அதோடு முடிந்தது.

தங்கள் செத்தவீட்டு முறையைப் பற்றியும் அந்தக் காருக்குள்தான் சொன்னாள். மிசோ ஊரில் ஒருவர் இறந்தால் குறிச்சியின் இளைஞர்கள் அழைக்காமலே வந்து குழி வெட்டுவார்கள். அயல் முழுவதும் வீட்டில் கூடி மேளம் அடித்துப் பாடும். துக்கக்காரரைத் தனியே விடமாட்டார்கள். அப்புறம் ஒரு துணி. கருநிறம், அதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகள். புவாந்தும் என்று பெயர். கலியாணமாகிப் போகும் பெண் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். என்றைக்காவது கணவன் இறந்தால் அவன்மேல் போர்த்துவதற்கு.

"கலியாணத்தன்றைக்கேயா?" என்று கேட்டேன்.

"வேறு எப்போது?" என்றாள். (என் மனைவி சுதா கொண்டுவந்தது ஒரு தையல் மெசின். இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன்.)

அவளுடைய கணவர் ரேமாவுக்கு ஒரு பேக்கரியில் இரவு வேலை. நான் காலையில் மாவியை ஏற்றும்போது அவர் இன்னும் வந்திருக்க மாட்டார். மாலையில் இறக்கும்போது தூக்கத்தில் இருப்பார். ஆகவே அவருடைய முகத்தை நான் கண்டதில்லை. மாசி மாதக் குளிரில், வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றவர் அந்தத் தரிப்பிடத்திலேயே விழுந்து இறந்துபோனார். இருதயம் என்றார்கள். பிள்ளைகள் இல்லை. மாவிக்கு அழைக்காமலே வரக்கூடிய அயல் என்று இந்த நகரத்தில் எதுவும் இல்லை.

அடக்கம் ஒரு சனிக்கிழமை. ரேமாவுக்கு உடுப்பு மாட்ட உதவுவதற்காக மாவி விடியவே, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போய்விட்டாள். போன பிறகுதான் துணியை மறந்தது தெரிந்திருக்கிறது. எனக்கு அழைத்தாள். பக்கத்து வீட்டில் சாவி, கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ், அடியில் துணி. கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டாள். நான் அதிகாரி போலப் பேசினேன். யோசிக்க வேண்டாம், ஸ்காபரோவில் நான் மிதிக்காத மலர்ச்சாலை இல்லை என்றேன். கூட வருவதாகச் சுதா சொன்னதற்கு, ஒரு துணியைக் கொடுக்க இரண்டு பேர் தேவையா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மலர்ச்சாலையில் இரண்டு மண்டபங்கள். வரவேற்பில் இருந்த வெள்ளைக்கார இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் இடது பக்கம் கைகாட்டினார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. மாவியின் முகத்தைப் பார்த்துச் சீனா என்றவன் நான்.

உள்ளே போனால் மண்டபம் நிறையத் தமிழர்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் சமையல்கூடத்துச் சனம் முழுவதும் மாவிக்காக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தெரிந்த முகம் ஒன்றையும் காணவில்லையே என்ற கேள்வி வரவில்லை. (பெருமிதம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.) முன்னால் மைக்கோடு நின்றவர் என் கையிலிருந்த துணியைக் கண்டார்.

"சங்கத்தில இருந்தோ வாறியள்?" என்று கேட்டார்.

எங்கள் வேலைத்தலத்துத் தொழிற்சங்கத்தில் நான் ஒரு செயற்குழு உறுப்பினன். ஓம் என்றேன். அவர் கேட்டது ஒரே ஊர்க்காரர் கூடி நடத்தும் ஊர்ச் சங்கத்தை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். துணியைச் சட்டென்று வாங்கி, "ஊர்ச் சங்கத்தின் சார்பில் அமரர் சிவபாதம் அவர்களுக்குப் பொன்னாடை" என்று மைக்கில் அறிவித்துக்கொண்டே பெட்டிக்குள் விரித்து, தோள்களுக்கு அடியில் நன்றாகச் சொருகியும் விட்டார்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். எண்பது வயது. நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளை மீசை. மிசோரத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அந்த இடத்தில் வேறொரு மனிதன் வாய் திறந்து, மன்னிக்க வேணும், ஆள் மாறிப்போச்சு என்று சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. முன்வரிசையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. மைக்குக்காரர் என் தயக்கத்தைத் துயரம் என்று எடுத்துக்கொண்டு, ரெண்டு வார்த்தை பேசுங்கோ என்று மைக்கைக் கையில் திணித்தார்.

பேசினேன். பொய் மட்டும் சொல்லக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

"அமரர் சிவபாதம் அவர்களோடு நான் அதிகம் பழகியவன் எண்டு சொல்லேலாது. அவரை இண்டைக்குத்தான் நான் சரியாப் பாத்தன் எண்டுகூடச் சொல்லலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில அவர் தீயோட போகப்போறார். அவரோட சேர்த்து நாங்கள் எதை இழக்கப்போறம் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு பதறுது. அது திரும்பக் கிடைக்காது. வேற எங்கயும் வாங்கவும் ஏலாது."

இதைச் சொல்லும்போது என் குரல் உண்மையாகவே உடைந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மாவி. மண்டபத்தில் பலர் விம்மினார்கள்.

மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். அரிசி துணியில் சிந்தியது. யாரோ சந்தனம் தெளித்தார்கள். இனி நின்றால் துணியும் அவரோடு எரிந்துவிடும் என்று தெரிந்தது. பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியில் இருந்த சிவபாதத்தாரின் மனைவிக்குப் பக்கத்தில் குந்தினேன். மாவியையும் ரேமாவையும் மிசோரத்தையும் சூட்கேஸையும் கலந்து ஏதோ உளறினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது எங்கட இல்லையெண்டு எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார்.

ஏன் அம்மா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் இந்த மனுசனுக்கு ஒரு துண்டும் போர்த்தேல்லை. நாப்பது வருசம் சங்கத்துக் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கின ஆள். கொஞ்ச நேரம் கிடக்கட்டும் எண்டு விட்டன்."

பின்னால் நின்ற மூத்த மகனுக்கு விஷயம் எட்டிவிட்டது. பிணத்துக்குப் போர்த்தியதைத் திருப்பி எடுக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். அவர் சொன்னதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. ஆனால் அம்மா எழும்பிவிட்டார். மைக்குக்காரரைக் கிட்டக் கூப்பிட்டு, எல்லாரையும் கண்ணை மூடி அஞ்சலி செய்யச் சொல்லும்படி சொன்னார்.

மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கண்ணை மூடியது. நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாகத் துணியை உருவினோம். தோளுக்கடியில் இறுகிக் கிடந்தது. மார்பில் இருந்த கையைத் தூக்கினால்தான் வரும். தூக்கினேன். குளிர்ந்து, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. என் அப்பா வன்னியில் இறந்தபோது நான் இங்கே அகதிக் கோரிக்கைக்குப் பதில் வராமல், எங்கும் போகமுடியாமல் இருந்தேன். இறந்த ஒரு மனிதரின் கையை நான் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தேவையானதைவிடக் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மாதான் அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி, இருந்த இடத்தில் வைத்தார்.

"போ தம்பி. அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும்."

துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். (கண்ணை முழுதாக மூடாதவர்கள் சிலர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது.)

வலது பக்க மண்டபத்தில் ஒரு கைவிரல் மடித்து எண்ணக்கூடிய சனம். மேளம் இல்லை. ஒருவர் காலியான தண்ணீர்க் கலனைக் கவிழ்த்து வைத்துத் தட்ட, மற்றவர்கள் கொஞ்சம் முன்னால் குனிந்தபடி மிக மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகள். பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மாவி நின்றாள். ரேமாவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். சிறிய மனிதர். யாரோ பெரிய அளவில் கோட்டு வாங்கிப் போட்டிருந்தார்கள்.

மாவி துணியை விரித்தாள். நிலத்தில் அரிசி கொட்டியது. சந்தனம் ஒரு கரையில் பரந்து காய்ந்துபோயிருந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் பேசியதைக்கூடச் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். துணியில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவர் எப்படிப்பட்ட ஆள், அந்தப் பெரியவர்?" என்று கேட்டாள்.

கூட்டங்களுக்கு நாற்காலி அடுக்குகிறவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"சரி. இவருக்குத் தனியே எங்கேயும் போகப் பிடிக்காது. கடைக்குக்கூட என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். இன்றைக்கு ஒருவர் முன்னால் போயிருக்கிறார்."

அரிசியைத் தட்டாமல், சந்தனத்தைத் துடைக்காமல், அப்படியே போர்த்தினாள். கழுத்துவரை இழுத்து, ஓரங்களைச் செருகினாள். தண்ணீர்க் கலன் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. எனக்குத் தெரியாத பாஷை, தெரியாத ராகம். பின்வரிசையில் இருந்து நானும் முன்னால் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிந்தால் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

மாவியைத் தனியே விடக்கூடாது என்பதால், அவள் சொன்ன மிசோ முறைப்படி, சுதாவும் நானும் அடுத்த சில வாரங்கள் மாலையில் அவளுடைய வீட்டில் போய் இருந்தோம். சுதாவுக்கு நடந்தது முழுவதையும் சொன்னது மாவிதான். நான் சொல்லியிருந்தால் பல பகுதிகளைத் தவிர்த்திருப்பேன்.

ஸ்காபரோவில் என்னைப் பற்றி இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. பிணத்தில் கிடந்த பட்டுத்துணியை உருவிக்கொண்டு ஓடியவன் என்பது ஒன்று. தமிழ்க் கடையில் மீன் வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் "உவன்தான்" என்று கேட்கும். மற்றது, சிவபாதத்தாரின் செத்தவீட்டில் அப்படி உருக்கமாக ஒருவரும் பேசியதில்லை என்பது. இந்த இரண்டாவது கதையை நம்புகிறவர்கள்தான் கூடுதல். அதனால் ஊர்ச் சங்கம் என்னை உறுப்பினராகவே சேர்த்துவிட்டது. யாராவது இறந்தால், பேச வரமுடியுமா என்று எனக்குப் போன் வரும்.

நான் வீட்டில் இல்லாத நேரம் என்றால் சுதா எடுப்பாள். இறந்தவரை எனக்குப் பழக்கமா என்று முதலில் விசாரிப்பாள். பழக்கம்தான் என்று அவர்கள் சொன்னால், மிகுந்த கவலையோடு சொல்வாள்:

"அப்ப சரிவராது அண்ணை. தெரிஞ்ச ஆக்களுக்கு இவருக்குப் பேச்சு வராது."