கதவு ஏன் படகேறவில்லை

மஸ்கட்டில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய தாய்மாமா அத்மானி அவர்களின் சமூகத்திற்கு, லாமுவிலிருந்து மருமகள் சௌமு பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா சுகம், நான் சுகம், கோழிகளும் சுகம். தங்கள் முதுகுவலி குறைந்ததா, அம்மா கொடுத்தனுப்பிய கிராம்புத் தைலம் சிந்தாமல் வந்து சேர்ந்ததா என்று அறிய ஆவல்.

நிற்க. கதவை ஞாயிற்றுக்கிழமைப் படகில் ஏற்றி மாலிந்திக்கு அனுப்பிவிட்டு உடனே தகவல் சொல்லும்படி எழுதியிருந்தீர்கள். கதவு படகேறவில்லை. இதை அம்மா என்னைப் போனில் சொல்லச் சொன்னாள். போனில் எனக்குக் குரல் வராது என்று உங்களுக்குத் தெரியும். நீயே பேசேன் என்றால், "நீ கெடுத்தத நீயே சொல்லு" என்கிறாள். ஆகவே தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். இரண்டாம் பக்கத்தில் கறை தெரிந்தால் அது அம்மா விற்பதற்கு மஹம்ரிப் பணியாரம் பொரித்த எண்ணெய், மன்னிக்கவும்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். பக்கத்துக் காலி மனையில் வீடு கட்டப்போகிறேன், நம் முன்னோர் செய்தபடி முதலில் கதவு நிற்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் சுவர் எழும்ப வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான். தச்சர் புவானாஹேரி ஏழு மாதம் செதுக்கினார். அந்த ஏழு மாதமும் நீங்கள் வீடியோவில் வந்து தாமரை வேண்டும் என்றீர்கள், பிறகு தாமரை வேண்டாம் அலை வேண்டும் என்றீர்கள், பிறகு உங்கள் பந்தாட்டக் குழுவின் சின்னம் வேண்டும் என்றீர்கள். அன்றைக்கு அவர் போனை மரச்சுருள் குவியலுக்குள் புதைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நீங்கள் அரை மணி நேரம் மரச்சுருளுக்கு அடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் அவர் சொல் தவறாதவர் மாமா. சின்னத்தைச் செதுக்கியிருக்கிறார். கதவின் குடுமி உட்காரும் குழிக்குள்ளே இருக்கிறது. கதவைக் கழற்றினால் பார்க்கலாம்.

கதவை நீங்கள் படத்தில்தான் பார்த்தீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அதில் கீல் கிடையாது. மரத்திலேயே குடுமி விட்டு, மேலும் கீழும் குழியில் நிறுத்தியிருக்கிறார். நான்கு ஆள் தூக்கும் கனம், ஆனால் ஒரு விரலால் தள்ளினால் போதும், பேச ஆரம்பிக்கும் முன் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் சின்னதாக ஒரு சத்தம் போட்டுத் திறந்துவிடும். வலது பக்கம் ஆண் கதவு. நடுச்சட்டம் அதோடு சேர்ந்தது, அதனால் அது திறக்காமல் இடது பக்கத்துப் பெண் கதவு திறக்காது. "உள்ள வர்றதுக்கு மட்டும் ஆம்பள முந்திக்குவான்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். நிலையைச் சுற்றிலும் சங்கிலிபோல் செதுக்கு வேலை. அதில் ஒரு கண்ணியின் அளவு இன்னொன்றுக்கு இல்லை, நான் நூல் வைத்துப் பார்த்துவிட்டேன், ஆனால் நான்கடி தள்ளி நின்றால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. நிலையின் மேல் விளிம்பைக்கூட இழைத்து வழவழவென்று ஆக்கியிருக்கிறார். அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அம்மா கேட்டாள். சுவர் வைக்கிற கொத்தன் பார்ப்பான், பார்த்தால் அவனும் ஒழுங்காக வேலை செய்வான் என்றார்.

கொத்தன் இன்னும் வரவில்லை. கதவு மட்டும் மனையின் முகப்பில், பின்னால் கண்டல்மரக் கம்புகளை முட்டுக்கொடுத்து நிற்கிறது. இடமும் வலமும் கடற்காற்றுதான். ஆனால் நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். மஸ்கட்டில் மணியடித்தால் கதவு தானே திறக்குமாம், அம்மா சொன்னாள். அங்கே எட்டு வருடம் இருந்ததில் ஒருவேளை மறந்திருப்பீர்கள். இங்கே கதவு என்று ஒன்று நின்றால் அதன் முன்னால் நின்று "ஹோடி" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து "கரிபு" என்று அழைத்தால்தான் காலெடுத்து வைப்பார்கள். மூன்று தடவை கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். நம் சமையற்கட்டுக்கு வர அந்த மனைதான் வழி என்பதால், மறுநாள் காலை மஹம்ரி வாங்க வந்த அத்தனை பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று ஹோடி என்றார்கள். அம்மா வாணலியோடு பதினைந்தடி தூரத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர்களும் பார்த்தார்கள். இருந்தாலும் யாரும் நகரவில்லை.

வாணலியை விட்டு எழுந்து வர முடியாது என்பதால், அம்மா தேங்காய் துருவும் பலகையைக் கதவுக்குப் பின்னால் போட்டு என்னை உட்கார வைத்தாள். நான் மாட்டேன் என்றேன், அதாவது தலையை ஆட்டினேன். என் கதைதான் தெரியுமே. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' என்று சொல்ல வாய் வராமல், ஆசிரியர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் ஒரு பருவம் முழுக்க வரவில்லை என்று பதிந்து, கடைசியில் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆனால் மாமா, மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஜுவேனா அத்தை ஹோடி என்றதும் கரிபு என்று ஒரு சத்தம் கேட்டது. யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அன்று மாலைக்குள் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து பார்த்தால் நான் முழுதாகத் தெரிவேன்தான். யாரும் நகர்ந்து பார்க்கவில்லை.

ஒரே ஒரு நாள் ஜுவேனா அத்தை அவசரத்தில் கதவைச் சுற்றிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா அவளுடன் இரண்டு நாள் பேசவில்லை. "கதவு இருக்கறப்ப சுவரத் துளைச்சுக்கிட்டு வர்றவளோட எனக்கு என்னடி பேச்சு?" என்று என்னைப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி சொன்னாள். மூன்றாம் நாள் அத்தை கதவுக்கு வெளியே வந்து நின்று ஒரு கிண்ணம் அல்வாவோடு ஹோடி கேட்டாள். நான் கரிபு சொன்ன பிறகுதான் இருவரும் பேசினார்கள்.

அதற்குள் நீங்கள் கேமரா வைத்த அழைப்பு மணியை அனுப்பினீர்கள். அதைக் கதவில் திருகச் சொன்னதற்குத் தச்சர், "உங்க மாமா தன் நெத்தியில ஒரு ஆணி அடிச்சுக்கட்டும், அப்புறம் நான் இதுல அடிக்கறேன்" என்றார். அப்படியே எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஆகவே அதை முட்டுக்கம்பில் கட்டினோம். அந்தச் செயலியை அம்மாவின் போனில் நானும் போட்டுப் பார்த்தேன். யாராவது வந்தால் தண்ணீரில் கல் விழுந்ததுபோல் ஒரு நீல வட்டம் ஒன்றன்பின் ஒன்றாக விரிகிறது. அழுத்த வேண்டிய இடம் சரியாகக் கட்டைவிரல் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதைச் செய்தவரும் மேல் விளிம்பை இழைக்கிற ஆள்தான். அவரிடம் குறை இல்லை. குறை கழுதைகளிடம். முதுகு சொறிய அவற்றுக்கு அந்தக் கம்பு பிடித்துப்போய்விட்டது. அங்கே உங்கள் போனில் ஒரு நாளைக்கு எழுபது தடவை மணி அடித்ததற்கும், நீங்கள் வேலை நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கரிபு, கரிபு என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். நம் குடும்பத்துப் பெரியவர் குரலில் அழைத்ததால் ஒரு கழுதை நிஜமாகவே உள்ளே வந்து மாவைத் தின்றது. அதை விரட்டுவது மரியாதையா என்று அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பேட்டரி போன வாரம் தீர்ந்தது.

இந்த நிலையில்தான் உங்கள் செய்தி வந்தது. வீடு கட்டவில்லை, மொம்பாஸாவில் அடுக்குமாடி பார்த்திருக்கிறேன், கதவை மாலிந்தியில் ஒரு விடுதிக்காரருக்குப் பேசிவிட்டேன், அவர் அதைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டு சாப்பாட்டு மேசை ஆக்கப்போகிறார் என்று. மொம்பாஸா வீட்டின் படமும் வந்தது. சத்தமே இல்லாமல் ஒரு பக்கமாக நகரும் கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் கடல். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஹோடி எப்படிக் கேட்பார்கள் மாமா? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அம்மா லங்கோனியில் ஒரு கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது, "அவங்க வந்து கேப்பாங்க. நீ கரிபுன்னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. மீதிய அவங்க பாத்துக்குவாங்க" என்றாள். விடுதிக்காரர் பெயர் முதிஸ்யா, கடற்கரை ஊர்ப் பழக்கம் தெரியாத உள்நாட்டுக்காரர், மரியாதையானவர். படகுத்துறைச் சுமைக்காரர் கோம்போவும் இன்னும் மூன்று பேரும் கயிறு, கம்பளி, சுமைக்கம்புகளோடு வந்தார்கள். கோம்போ கதவுக்கு முன்னால் நின்று, செருப்பைச் சரிசெய்துகொண்டு, ஹோடி என்றார். நான் பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். வரவில்லை. முதிஸ்யா இரண்டடி நகர்ந்து பக்கவாட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"பொண்ணு உக்காந்திருக்கே" என்றார்.

கோம்போ முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்காதீங்க."

"வீடு எங்கப்பா இருக்கு?"

"கதவு இருக்கில்ல."

மூன்றாம் தடவையும் ஹோடி என்றார். ஒரு கழுதை வந்து கம்பில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. கோம்போ சுமைக்கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "வீட்ல யாரும் இல்ல சார். போலாம்."

"அப்ப அந்தப் பொண்ணு யாரு?"

"அது பதில் சொல்லல. பதில் சொல்லலன்னா இல்லன்னுதான் அர்த்தம்."

பள்ளிக்கூடத்திலும் என்னை இப்படித்தான் முடிவு செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதிஸ்யா விடவில்லை. உள்ளே போகவே வேண்டாமே, கதவு வெளியில்தானே நிற்கிறது, அப்படியே தூக்குங்கள் என்றார். திறக்காத கதவைப் பிடுங்கினால் அதற்கு வேறு பெயர், அந்தப் பெயரோடு என்னால் ஊரில் இருக்க முடியாது என்றார் கோம்போ. முதிஸ்யா தானே முட்டுக்கம்பைக் கழற்றுவதாகச் சொல்லிக் கதவைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஜுவேனா அத்தை எங்கிருந்துதான் பார்த்தாளோ, பெண் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு ஆள் சுவர் வழியாக நுழைந்துவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள். முப்பது பேர் கூடினார்கள். முப்பது பேரும் கதவுக்கு வெளியே நின்று, எல்லைக்குள் ஒருவர் கால்கூடப் படாமல், அவரை வெளியே வரச் சொன்னார்கள். எந்த வழியாக வருவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. கடைசியில் நான் எழுந்து ஆண் கதவைத் திறந்துவிட்டேன். அது தொண்டையைச் செருமியது. அவர் குனிந்து படியைத் தாண்டி வெளியே போய், ஒரு நிமிடம் நின்று அந்தக் குடுமியைப் பார்த்தார். கையால் கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தார், மறுபடியும் தள்ளிப் பார்த்தார். அதற்குள் கடல்நீர் வற்றத் தொடங்கிப் படகு புறப்பட்டுவிட்டது.

வியாழக்கிழமைப் படகில் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு விசைப்படகு பிடித்துப் போனார். ஆகவே மாமா, நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அதற்குள் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிடுங்கள். நீங்கள் மொம்பாஸாவில் இருங்கள், வீடு கட்ட வேண்டாம், சுவரும் வேண்டாம். கதவு மட்டும் நிற்கட்டும். குடுமி குழியில் சுழலத்தான் தச்சர் ஏழு மாதம் உட்கார்ந்து அளவு பார்த்தார். படுக்கவைத்து மேலே பிரியாணித் தட்டை வைத்தால் அது நல்ல மரம், அவ்வளவுதான். நடந்த தவறு முழுக்க என் கூச்சத்தால் வந்தது, அம்மாவைக் கோபிக்க வேண்டாம். என்ன செய்வது, பிறவிக் குணம்.

மாமிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். தச்சர் புவானாஹேரி உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். கதவின் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டால் சொல்லாதே என்றும் சொன்னார். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நேரான முதுகையும் தருவானாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
சௌமு

பின்குறிப்பு: மேலே குரல் வரவில்லை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வராதது உண்மை. போனில் வராததும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோம்போ முதல் தடவை கேட்டபோதே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று தடவையும் பல்லைக் கடித்து உள்ளே தள்ளியது நான்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை அவளுக்கு வேறொரு கல்யாண வீட்டில் சமையல். கதவுக்குப் பின்னால் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.